மண்ணுரிமையும் மனிதவுரிமையும்: ஜிம்பாப்வே வரலாறு எழுப்பும் சிந்தனைகள்

தமிழில் ‘மண்’ என்னும் சொல் மிகச் சிறியது. அதன் பொருட்பரப்போ மிகப் பெரியது. உழுகின்ற வயலும் மண்தான். பிறந்த நாடும் மண்தான். இறுதியில் நம்மை ஏற்றுக்கொள்வதும் மண்தான். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் வாழும் ஷோனா மக்களின் மொழியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. ‘இவு’ என்றால் அவர்கள் மொழியில் மண்; ‘ம்வானா வெவு’ என்றால் மண்ணின் குழந்தை. நாம் ‘மண்ணின் மைந்தர்’ என்று வழங்கும் தொடருக்கு இதைவிட நெருங்கிய மொழிபெயர்ப்பு வேறு எம்மொழியிலும் கிடைக்குமா என்பது ஐயமே.

மொழியாசிரியருக்கு இவ்வொற்றுமை முதலில் வியப்பைத் தரும். ஆயின், ஷோனா மக்கள் பெரும்பான்மையினராக வாழும் ஜிம்பாப்வே நாட்டின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால், அவ்வியப்பு அச்சமாக மாறும். அங்கே மண்ணுக்காகப் போர் நடந்தது. மண்ணின் பெயரால் விடுதலை பிறந்தது. அதே மண்ணின் பெயரால் நீதிமன்றங்கள் மிரட்டப்பட்டன. ஏழைத் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். நியாயமான ஒரு கோரிக்கை, நியாயமற்ற வழியில் நிறைவேறும்போது என்ன நேரும் என்பதற்கு அந்நாடு ஒரு பாடநூல் எனலாம். அப்பாடத்தை நம் மாணவச் செல்வங்களோடு சேர்ந்து படிக்கும் முயற்சியே இக்கட்டுரை.

தமிழ்த்துறை மலரில் ஆப்பிரிக்க நிலச் சிக்கலுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நிலத்தையே முதற்பொருளாகக் கொண்டு வாழ்வை ஐந்திணையாகப் பகுத்த இலக்கியத்தைக் கற்பிப்பவர்கள் நாம். நிலம் மாறினால் ஒழுக்கம் மாறும், உணவு மாறும், தொழில் மாறும் என்று வகுப்பறையில் நாள்தோறும் விளக்குகிறோம். அந்நிலத்தையே ஒரு மக்கட்கூட்டத்திடமிருந்து பறித்துவிட்டால் எல்லாம் என்னவாகும் என்று எண்ணிப் பார்ப்பதும் நம் துறையின் எல்லைக்குள் அடங்குவதேயாகும்.

அறிமுகமான விதம்

எம் தலைமுறையினர்க்கு ஜிம்பாப்வே முதன்முதலில் அறிமுகமானது கிரிக்கெட் வழியாகத்தான். நாம் கல்லூரியில் பயின்ற காலத்தில், 2003 உலகக் கோப்பைப் போட்டியின்போது, பிப்ரவரி 10ஆம் நாள் ஹராரே நகரில் நமீபிய அணிக்கு எதிராக ஆடிய ஆண்டி பிளவர் என்னும் வெள்ளையரும் ஹென்றி ஒலாங்கா என்னும் கறுப்பரும் கையில் கறுப்புப் பட்டை அணிந்து களமிறங்கினர். தம் நாட்டில் மக்களாட்சி மடிந்ததற்குத் துயரம் தெரிவிப்பதாக அவர்கள் அறிவித்தனர். விடுதியில் அதைப் பற்றி ஓயாது விவாதித்தோம். மடிந்தது எது, எப்படி மடிந்தது என்பது எம்மில் ஒருவருக்கும் தெரியாது. இருவரும் அதன்பின் தம் நாட்டுக்காக நெடுநாள் ஆடவில்லை. நாட்டைவிட்டே வெளியேறினர் என்பது மட்டும் மனத்தில் தங்கியது.

பின்னர் ஒப்பிலக்கியம் கற்பிக்கும் பொறுப்பு வந்தபோது அந்நாட்டுப் புதினங்களைத் தேடிப் படித்தோம். செஞ்செராய் ஹோவே 1988இல் எழுதிய ‘எலும்புகள்’ என்னும் பொருள்படும் பெயருடைய புதினம், வெள்ளையர் பண்ணையொன்றில் உழைத்து, போருக்குச் சென்ற மகனைத் தேடி நகரத்துக்குச் செல்லும் மரிட்டா என்னும் தாயின் கதையாகும். அதே ஆண்டில் வெளிவந்த சிட்சி டங்கரெம்பாவின் புதினத்தில், தம்பு என்னும் சிறுமி பள்ளிக் கட்டணத்துக்காகத் தானே மக்காச்சோளம் பயிரிடுகிறாள். அவளுடைய பாட்டி, தங்கள் குடும்பம் நல்ல நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கதையைக் களை பறித்துக்கொண்டே சொல்கிறாள். வரலாற்று நூல்கள் ஏக்கர்க் கணக்கில் சொல்வதை அப்பாட்டி ஒரு வாழ்நாளின் கணக்கில் சொல்லிவிடுகிறாள். எம்மை அந்நாட்டு நிலவரலாற்றின் பக்கம் திருப்பியது அந்தப் பாட்டிதான்.

பறிக்கப்பட்ட கதை

1888இல் லோபெங்குலா என்னும் இண்டபெலே மன்னரிடம் கனிமம் தோண்டும் உரிமையைப் பெற்றதாக ஓர் ஒப்பந்தத்தை செசில் ரோட்சின் ஆட்கள் எழுதி வாங்கினர். அதைக் காட்டி, 1889இல் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. தோண்டும் உரிமை மெல்ல ஆளும் உரிமையாயிற்று. ஆளும் உரிமை நிலத்தை ஆளுக்கு ஆள் பங்கிடும் உரிமையாயிற்று. 1890இல் கம்பெனியின் படையோடு நுழைந்த முன்னோடிகளுக்குத் தலைக்கு 3,000 ஏக்கர் நிலம் வாக்களிக்கப்பட்டிருந்தது. வணிகம் செய்ய வந்த கம்பெனி நாடாண்ட கதை நமக்குப் புதியதன்று.

1896-97இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ‘சிமுரெங்கா’ என்று அவர்கள் போற்றும் அப்போராட்டத்தின் ஊக்கமாய் விளங்கிய நெஹாண்டா என்னும் பெண்மணி 1898இல் தூக்கிலிடப்பட்டார். தம் எலும்புகள் மீண்டும் எழும் என்று அவர் கூறிச் சென்றதாக மக்கள் வழங்குவர். ஹோவேயின் புதினத் தலைப்பிலும் அந்த எலும்புகளின் ஒலி கேட்கிறது.

பறித்தவர்களுக்குள்ளேயே பின்பு வழக்கு மூண்டது: யாருக்கும் வழங்கப்படாத நிலம் கம்பெனிக்குரியதா, பிரிட்டிஷ் முடியரசுக்குரியதா? 1918இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அது முடியரசுக்குரியது என்று தீர்ப்பளித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு உழுது வாழ்ந்தவர்களின் உரிமை ஏற்கப்படவில்லை. எழுத்தில் உரிமை வைத்திருப்பவனுக்கும் உழைப்பில் உரிமை வைத்திருப்பவனுக்கும் வழக்கு வந்தால் வெல்வது யார் என்பதை உலகம் அன்றே காட்டிவிட்டது.

1930ஆம் ஆண்டின் நிலப்பகிர்வுச் சட்டம் இவ்வநீதிக்கு முழு வடிவம் தந்தது. ஏறத்தாழ 50,000 பேராயிருந்த ஐரோப்பியர்க்கு நாட்டு நிலத்தில் சரிபாதி ஒதுக்கப்பட்டது. பத்து இலட்சத்தைத் தாண்டிய ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கப்பட்டது, ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் ஏக்கர் கொண்ட ‘ஒதுக்கிடங்கள்’. அளவைவிடத் தரத்தில் வேறுபாடு கொடிது. மழை பொழியும் மேட்டுச் சமவெளியும் இருப்புப்பாதை ஓரமும் ஒரு சாராருக்கு. மணற்பாங்கும் வறட்சியும் மறுசாராருக்கு. ஒதுக்கிடத்தில் மக்கள் பெருகப் பெருக நிலம் தேய்ந்தது. வாழ வழியற்றவர் வெள்ளையர் பண்ணைக்கே கூலிக்குச் சென்றனர். கூலியாள் குறைவின்றிக் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கமும் அப்பகிர்வில் கலந்திருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலர் ஒப்பும் உண்மையாகும்.

விடுதலையும் விலையும்

1965 நவம்பர் 11இல் இயன் ஸ்மித் தலைமையிலான வெள்ளையர் அரசு, பெரும்பான்மையினர் ஆட்சிக்கு வழிவிட மறுத்துத் தன்னிச்சையாக விடுதலை அறிவித்துக்கொண்டது. தொடர்ந்த போரில் பல்லாயிரவர் மாண்டனர். 1979 இறுதியில் இலண்டன் லங்காஸ்டர் மாளிகையில் நடந்த பேச்சுவார்த்தை, நிலச் சிக்கலால் முறிந்துபோகும் நிலைக்கு வந்து மீண்டது. முடிவில் ஏற்பட்ட உடன்பாடு இது: பத்தாண்டுகளுக்கு எவருடைய நிலத்தையும் வலிந்து எடுக்கக் கூடாது, விற்க மனமுள்ளவரிடம் வாங்க மனமுள்ளவர் உரிய விலை கொடுத்து வாங்க வேண்டும்.

1980 ஏப்ரல் 18இல் விடுதலை மலர்ந்தபோது, ஏறத்தாழ 6,000 வெள்ளை உழவரிடம் 1 கோடியே 55 இலட்சம் ஹெக்டேர் நிலம் இருந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் கறுப்பினக் குடும்பங்கள் 1 கோடியே 64 இலட்சம் ஹெக்டேரில் நெருங்கிக் கிடந்தன. பறித்தபோது விலை கொடுக்கப்படவில்லை. திரும்பப் பெறும்போது மட்டும் சந்தை விலை கேட்கப்பட்டது. இந்த முரண்பாட்டை உணராமல் பின்னர் நடந்த எதையும் நம்மால் புரிந்துகொள்ள இயலாது.

ஆயினும் தொடக்கம் நம்பிக்கையூட்டுவதாகவே அமைந்தது. பிரதமர் இராபர்ட் முகாபே பகைமை மறந்து ஒன்றுபட அழைப்பு விடுத்தார். வெள்ளையரான டெனிஸ் நார்மனை வேளாண் அமைச்சராக்கினார். ஒதுக்கிட உழவர்க்கும் கடனும் விதையும் உரமும் சந்தையும் எட்டின. விற்பனைக்கு வந்த மக்காச்சோளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்துவந்த அவ்வுழவர்கள், அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பாதிக்கு மேல் தரத் தொடங்கினர். கறுப்பின உழவருக்கு விளைவிக்கத் தெரியாது என்போர் மறந்துவிடும் செய்தி இது. வாய்ப்புக் கிடைத்தபோது வறண்ட நிலத்திலும் அவர்கள் விளைவித்துக் காட்டினர்.

ஆனால் நிலப்பகிர்வு தேங்கியது. 1,62,000 குடும்பங்களைக் குடியமர்த்துவது என்பது இலக்கு. 1990 வரை குடியேறியவை ஏறத்தாழ 52,000. பிரிட்டன் நிலத்துக்கென வழங்கியதாகக் கூறும் தொகை 4 கோடியே 40 இலட்சம் பவுண்டு. தேவையோடு ஒப்பிட்டால் அது சிறிது. 1992இல் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கச் சட்டம் வந்தது. எனினும் வேகம் கூடவில்லை. அரசு வாங்கிய பண்ணைகளிற் சில, நிலமற்றோருக்குப் போகாமல் செல்வாக்குள்ளோர் கைக்குக் குத்தகையாகப் போனதும் வெளிப்பட்டது. இதற்கிடையே 1983 முதல் 1987 வரை மட்டபெலேலாந்துப் பகுதியில் அரசுப் படையினர் நிகழ்த்திய கொலைகள், மாற்றுக் கருத்தை அவ்வரசு எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதை முன்கூட்டியே காட்டியிருந்தன. அக்கொடுமையில் 20,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

1997இல் மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றுகூடின. போர் வீரர்களாயிருந்தோர் தெருவில் இறங்கி ஓய்வூதியம் கேட்டனர். அரசு கருவூலத்தில் இல்லாத பணத்தை வாரி வழங்கியது. நாணயத்தின் மதிப்பு நவம்பர் 14இல் ஒரே நாளில் சரிந்தது. அதே மாதத்தில் பிரிட்டனின் புதிய அரசைச் சேர்ந்த அமைச்சர் கிளேர் ஷார்ட், நிலம் வாங்கும் செலவை ஏற்கும் தனிப்பொறுப்பு தம் நாட்டுக்கு இல்லை என்று கடிதம் எழுதினார். ஆட்சி மாறினால் கடனும் மாறுமா என்று ஹராரேயில் கேட்டனர். அவ்வினாவில் நியாயம் இருந்தது. 1998இல் ஸ்வோஸ்வே மக்கள் தாமாகவே எழுந்து, முன்னோர் நிலம் என்று கூறி, அருகிலிருந்த பண்ணைகளுக்குள் குடியேறினர். பசி காத்திருந்து சலித்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி.

2000ஆம் ஆண்டு

2000 பிப்ரவரியில் புதிய அரசமைப்புக்காக நடந்த பொதுவாக்கெடுப்பில் அரசு தோற்றது. இருபதாண்டுகளில் அது கண்ட முதல் தோல்வி அது. சில நாள்களிலேயே பண்ணைகளுக்குள் கூட்டங்கள் நுழையத் தொடங்கின. காவல்துறை கைகட்டி நின்றது. ஷோனா மொழியில் ‘ஜம்பாஞ்சா’ என்று இதற்குப் பெயர் வழங்கிற்று. அடாவடி என்று நாம் பொருள் கொள்ளலாம். ஜூன் மாதத் தேர்தலில் ஆளுங்கட்சி 62 இடங்களையும் புதிய எதிர்க்கட்சி 57 இடங்களையும் பெற்றன. நிலக் கோரிக்கை உண்மையானது. அது அந்த வேளையில், அந்த வேகத்தில் கையிலெடுக்கப்பட்டதன் காரணமோ தேர்தல் அச்சம். இரண்டும் ஒருங்கே உண்மை என்பதை ஏற்க மறுப்பதால்தான் இன்றுவரை இப்பொருளில் வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

ஆக்கிரமிப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்சநீதிமன்றம் கூறியபோது, போர் வீரர்கள் அந்நீதிமன்றத்துக்குள்ளேயே புகுந்தனர். தலைமை நீதிபதி அந்தோணி குபே 2001இல் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 2005இல் அரசமைப்பே திருத்தப்பட்டது. நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து எவரும் நீதிமன்றம் செல்ல முடியாது என்றாயிற்று. ஏறத்தாழ 4,500ஆக இருந்த பெரும்பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் கைமாறின.

இவ்வரலாற்றை ஒருமுறை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பறிகொடுத்தவன் திரும்பப் பறித்தால் அது திருட்டாகுமா?” என்று கேட்டார். வகுப்பு முழுதும் எம் முகத்தை நோக்கியது. ‘ஆகாது’ என்றால் கும்பலின் தடிக்கு நியாயம் கற்பித்ததாகும். ‘ஆகும்’ என்றால் 1890இல் நடந்த முதற்பறிப்பைக் காலம் கழுவிவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகும். “யார் பறித்தார், யாரிடமிருந்து பறித்தார், பின் யாருக்குக் கொடுத்தார் என்னும் மூன்றையும் பார்த்துவிட்டு விடை காண்போம்” என்றோம். அம்மூன்றாவது வினாவைத் தொடர்ந்து சென்றபோதுதான் எவரும் அதிகம் பேசாத ஒரு கூட்டத்தாரை நாம் கண்டோம்.

இரு பக்கமும் இடமற்றோர்

அவர்கள் பண்ணைத் தொழிலாளர்கள். 2000இல் பெரும்பண்ணைகளில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். குடும்பத்தாரையும் சேர்த்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும். அவர்களுள் பலருடைய பாட்டனார், மலாவி, மொசாம்பிக், ஜாம்பியா ஆகிய நாடுகளிலிருந்து கூலிக்கென அழைத்துவரப்பட்டவர்கள். மலாவியிலிருந்து வந்த யாவோ இனத்தாரிற் பலர் முஸ்லிம்கள். மூன்று தலைமுறையாக அந்த மண்ணைக் கிளறியவர்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பெற்றோரை அடக்கம் செய்தவர்கள். எனினும் நிலம் பங்கிடப்பட்டபோது அவர்களுள் மிகச் சிலருக்கே பங்கு கிட்டியது. வெள்ளை முதலாளியின் ஆள்கள் என்று ஒரு பக்கம் ஐயுற்றது. அயலார் என்று மறுபக்கம் ஒதுக்கியது. 2001இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர் வழியில் வரக்கூடிய அயல்நாட்டுக் குடியுரிமையையும் துறக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, கடவுச்சீட்டையே கண்டிராத அவ்வேழைகள் வாக்குரிமையையும் இழந்தனர். அங்கேயே பிறந்து, அண்டை நாட்டுப் பெற்றோரைக் கொண்டவர்க்குக் குடியுரிமையை மீட்டுத் தந்தது 2013ஆம் ஆண்டின் அரசமைப்பு.

ஹோவேயின் மரிட்டா இத்தகைய பண்ணையில் உழைத்தவள்தான். வெள்ளையரிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம் மரிட்டாக்களுக்குக் கிடைத்திருந்தால், எம் மாணவரின் வினாவுக்கு விடை எளிதாகியிருக்கும். மண்ணை அறிந்தவர் அவர்; மண்ணுக்கு வியர்வையை விலையாகக் கொடுத்தவரும் அவரே. ஆனால் ‘மண்ணின் குழந்தை’ என்னும் பெயர் அவருக்கு மறுக்கப்பட்டது. முன்னோர் யார் என்று கேட்டு உரிமை அளக்கத் தொடங்கினால், அளவுகோல் எப்போதும் அளப்பவர் விருப்பப்படியே வளையும். செஞ்செராய் ஹோவேயும் நாட்டைவிட்டு வெளியேறி, 2015இல் நார்வே நாட்டில் காலமானார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பெண்கள் நிலையும் இதைப் போன்றதே. நாட்டுப்புற வேளாண்மையில் பெரும்பகுதி பெண்கள் கையால் நடப்பது. ஆனால் 2003இல் அரசு அமைத்த உட்டெட்டே குழுவின் அறிக்கைப்படி, சிறு உழவர் திட்டத்தில் 18 விழுக்காடும் நடுத்தரப் பண்ணைத் திட்டத்தில் 12 விழுக்காடுமே பெண்கள் பெயரில் வழங்கப்பட்டன. தானே விதைத்துத் தானே விளைவித்த சிறுமி தம்பு, வளர்ந்து வந்து விண்ணப்பித்திருந்தால் எத்தனையாவது வரிசையில் நின்றிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

விளைவுகள்

விளைவைக் கூறும்போது பாதியை மட்டும் சொல்வது அறமாகாது. பெரும்பண்ணைகள் சிதைந்ததும் ஏற்றுமதி வீழ்ந்தது. 2000இல் ஏறத்தாழ 23 கோடியே 70 இலட்சம் கிலோவாக இருந்த புகையிலை விளைச்சல், 2008இல் 5 கோடிக் கிலோவுக்கும் கீழே இறங்கியது. காங்கோ போர்ச் செலவும் வரம்பின்றி அச்சிட்ட பணமும் வறட்சியும் சேர்ந்துகொண்டன. 2008 ஜூலையில் அரசு வெளியிட்ட கணக்கின்படியே பணவீக்கம் 23 கோடி விழுக்காட்டைத் தாண்டியது. 2009 ஜனவரியில் ஒன்றின்பின் 14 சுழியங்கள் கொண்ட நூறு இலட்சம் கோடி டாலர் நோட்டு வெளிவந்தது. ஓய்வூதியத்தை நம்பியிருந்த ஆசிரியர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எளிதில் உணரலாம். வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் ஆகாமற் போயிற்று.

மறுபாதியும் உண்டு. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன. அவற்றிற் பெரும்பாலானவை சிறு உழவர் குடும்பங்கள். இயன் ஸ்கூன்ஸ் முதலிய ஆய்வாளர்கள் மஸ்விங்கோ மாநிலத்தில் 400 குடும்பங்களைப் பத்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்து, 2010இல் நூலாக வெளியிட்டனர். நிலம் முழுவதும் ஆளுங்கட்சிப் பெருந்தலைவர்களுக்கே போயிற்று என்பதும், குடியேறியோர் யாவரும் தோற்றனர் என்பதும் உண்மைக்கு மாறானவை என்று அவ்வாய்வு காட்டியது. சிலர் வீடு கட்டினர், மாடு வாங்கினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். சிலர் முதலின்றித் தவித்தனர். சிலர் நிலத்தைவிட்டு அகன்றனர். புகையிலையும் மீண்டது. 2023இல் 29 கோடியே 60 இலட்சம் கிலோ அளவுக்கு விளைந்து, பழைய பெரும்பண்ணைக் கால அளவையும் கடந்தது. இம்முறை விளைவித்தோரிற் பெரும்பாலோர் சிறு உழவர். ஆனால் அவர்களுக்கு வங்கி கடன் தருவதில்லை. வாங்கும் கம்பெனியே விதையும் உரமும் முன்பணமாகக் கொடுத்து, விளைச்சலில் கழித்துக்கொள்கிறது. இலையைப் பதப்படுத்த மரங்களை வெட்டிக் காடுகளும் குறைந்தன.

வங்கி ஏன் கடன் தருவதில்லை? நிலம் உழவரிடம் இருக்கிறது. உரிமைப் பத்திரம் அவரிடம் இல்லை. எடுக்கப்பட்ட நிலம் யாவும் அரசின் உடைமை. உழவருக்குக் கிடைத்தது ஓர் ஒதுக்கீட்டுக் கடிதம் அல்லது அனுமதிச் சீட்டு. பெரியவர்க்கு 99 ஆண்டுக் குத்தகை. நம்மூர் வழக்கில் சொன்னால், அனுபவம் உண்டு, பட்டா இல்லை. கொடுத்த அரசே எடுத்துக்கொள்ளலாம். தேர்தல் வரும்போது உழவர் அதை மறக்க முடியாது.

இந்நிலையின் பொருளை எமக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. எம் தந்தையார் வாய்மொழிக் குத்தகையில் பிறர் வயலை உழுதவர். ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும், அடுத்த ஆண்டும் நிலம் தமக்கு உண்டா என்று அறிய உடையவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து திரும்புவார். வரப்பில் தென்னம்பிள்ளை வைக்கலாமே என்று அன்னையார் ஒருமுறை சொன்னபோது, “அது காய்க்கும்போது வயல் நம்மிடம் இருக்குமா?” என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். தழையுரம் இடுவார், மரம் நடமாட்டார். ஒரு பருவத்துக்கு மேல் நம்ப முடியாதவன் ஒரு பருவத்துக்கு உரியதையே செய்வான். ஜிம்பாப்வேயில் புதிய நிலத்தைப் பெற்ற உழவர் கிணறு வெட்டவும் வேலி கட்டவும் தயங்கினார் என்று படிக்கும்போது, அதைச் சோம்பல் என்று எழுதியவர்கள் மீது எமக்குச் சினம் வருகிறது.

முடிக்கப்படாத கணக்கு

2017 நவம்பரில் படைத்துறையின் தலையீட்டால் முகாபே பதவி விலகினார். அவருடைய பழைய துணைவரான எம்மர்சன் மனங்காக்வா ஆட்சிக்கு வந்தார். 2019இல் முகாபே சிங்கப்பூர் மருத்துவமனையில் காலமானார். 2020 ஜூலை 29இல் அரசு, வெளியேற்றப்பட்ட வெள்ளை உழவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. மண்ணுக்கு விலையில்லை, மண்மேல் அவர்கள் எழுப்பிய கட்டடம், கிணறு, அணை முதலியவற்றுக்கு 350 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு என்பது அதன் சாரம். 2025 ஏப்ரலில் முதற்றவணை வழங்கப்பட்டது. 378 பண்ணைகளுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் ரொக்கம். அவற்றுக்குரிய எஞ்சிய தொகை அரசுக் கடன்பத்திரங்களாக. குடியேறிய உழவர்க்கு உரிமைப் பத்திரம் வழங்கும் திட்டமும் 2024 இறுதியில் தொடங்கப்பட்டது.

இவ்வுடன்படிக்கையின் அடிக்கருத்தில் ஒரு நுட்பமான நீதி இருப்பதாக நாம் கருதுகிறோம். மண் எவரும் படைத்ததன்று. அதைப் பறித்தவருக்கு அதன் விலையைக் கேட்க உரிமையில்லை. ஆனால் மண்மேல் செலுத்திய உழைப்பு மனிதருடையது. அதற்குக் கூலி உண்டு. இந்த வேறுபாட்டை 1980இலேயே இருசாராரும் ஏற்றிருந்தால், பிரிட்டனும் தன் பழங்கடனை மறுக்காமல் தீர்த்திருந்தால், தடியும் தீயும் இன்றியே நிலம் கைமாறியிருக்கக்கூடும். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சும்: கிணற்றுக்கு விலையுண்டு என்றால், அக்கிணற்றை வெட்டிய கூலியாளுக்கு என்ன? 350 கோடி டாலர்க் கணக்கில் பண்ணைத் தொழிலாளிக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.

ஆகவே எம் மாணவரின் வினாவுக்கு நாம் கண்ட விடை இது. பறிகொடுத்தவர் தம் நிலத்தைத் திரும்பக் கேட்பது திருட்டன்று, அது உரிமை. ஆனால் அவ்வுரிமையை நிலைநாட்ட நீதிமன்றத்தின் கதவைப் பூட்டியவர்கள், நிலம் பெற்ற ஏழைக்கும் சேர்த்தே அக்கதவைப் பூட்டினர். நாளை அவ்வேழையின் வயலை வலியவன் ஒருவன் எடுத்துக்கொண்டால், அவன் சென்று முறையிட எங்கே இடம்? 1930இல் சட்டத்தைக் கருவியாக்கி நிலம் பறிக்கப்பட்டது. 2000இல் சட்டத்தை ஒதுக்கிவிட்டு நிலம் மீட்கப்பட்டது. இருமுறையும் சட்டத்தின் நிழல் தேவைப்பட்டவர் வெயிலிலேயே நின்றார்.

நம் மாணவர்கள் நாளை வருவாய்த்துறையில் அலுவலராகலாம், வழக்கறிஞராகலாம், ஊர்ப் பெரியவராய் அமர்ந்து பங்கு பிரிக்கும் பொறுப்பும் வரலாம். அன்று உங்கள் முன் இரு தரப்பினர் நின்று வாதிடுவர். இருவரும் உரத்த குரலில் பேசுவர்; இருவரிடமும் ஆவணம் இருக்கும். அவர்களுக்குப் பின்னால், பேசாமல், கையில் ஒன்றுமின்றி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அந்த வயலில் இறங்கி நடவு நட்டவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அவர் பெயரை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.